யாருடைய பண்பாட்டுக்கு, யார் முடிவில்? நற்செய்தியைப் பொருத்தும் வழிகள்: ஓர் ஒப்பீடு

ஒரு சபையோ மிஷன் அமைப்போ தனக்குப் பழக்கமில்லாத மக்களிடம் போகத் தீர்மானித்ததும், கமிட்டிக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி இதுதான்: எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கலாம்? அவர்களுடைய இசை சரி, முன்னோருக்குச் செய்யும் சடங்கு? இரண்டு மனைவிகள் உள்ளவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? சபையைப் பதிவு செய்யச் சொல்லி அரசாங்கம் கேட்டால் செய்வதா? ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆகும்', 'ஆகாது' என்று குறித்து ஒரு பட்டியல் தயாராகிவிடும்.

அந்தப் பட்டியலில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரே சடங்கு ஓரிடத்தில் ஆகும், இன்னோரிடத்தில் ஆகாது. புதிய ஏற்பாடே இதற்குச் சாட்சி. தீமோத்தேயுவைக் கூட அழைத்துப்போகும்போது, அந்தப் பகுதி யூதர்களை முன்னிட்டு அவருக்கு யூதரின் அடையாளச் சடங்கான விருத்தசேதனம் செய்துவைத்தவர் பவுல். தீத்துவின் விஷயத்தில் அதே பவுல் மசியவே இல்லை. தீமோத்தேயு யூதத் தாயின் மகன், தீத்து கிரேக்கர் என்பது ஒரு காரணம்தான். ஆனால் அதைவிடப் பெரிய வித்தியாசம், தீத்துவின் விஷயத்தில் சிலர் அதை நிபந்தனையாக வைத்தார்கள். அதற்கு இணங்கியிருந்தால், யூதரல்லாத புறஜாதியாரிலிருந்து வந்த அத்தனை பேரும் அந்த விலையைக் கொடுத்தாக வேண்டியிருந்திருக்கும். கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்களும் மூப்பர்களும் அந்தச் சுமையைத்தான் இறக்கிவைத்தார்கள். மோசேயின் சட்டம் முழுவதையும் சுமத்தாமல் நான்கே விலக்குகளோடு நிறுத்திக்கொண்டார்கள்.

எனவே வழிகளை ஒப்பிடும்போது 'எவ்வளவு' என்பதைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு கேள்விகளைக் கேட்பது நல்லது. முடிவெடுப்பது யார்? அந்த முடிவின் செலவு யார் தலையில் விழுகிறது?

உள்ளது உள்ளபடியே கொண்டுபோவது

வழிபாட்டு முறை, பாட்டு, சபைச் சட்டம், ஞாயிற்றுக்கிழமை உடை வரைக்கும் அனுப்பும் சபையில் எப்படியோ அப்படியே போய் இறங்குவது முதல் வழி. இதைக் கிண்டல் செய்வது சுலபம். 1659-லேயே கத்தோலிக்கத் தலைமையான ரோமின் விசுவாசப் பரப்புப் பேராயம் ஆசியாவுக்குப் போகிறவர்களுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தது: சமயத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் வெளிப்படையாக முரண்படாத வழக்கங்களை மாற்றச் சொல்லாதீர்கள், பிரான்சையும் ஸ்பெயினையும் இத்தாலியையும் சீனாவுக்குத் தூக்கிக்கொண்டு போவதைப் போன்ற அபத்தம் வேறில்லை. இதைச் சொன்ன ரோம்தான் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் சீனச் சடங்குகளைத் தடைசெய்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த வழியின் உண்மையான செலவைப் பார்க்க வேண்டுமானால் பலதார மண விவகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். உலக ஆங்கிலிக்க ஆயர்கள் கூடும் லாம்பெத் மாநாடு 1888-இல் ஒரு தீர்மானம் போட்டது: பல மனைவிகள் உள்ள ஆணுக்கு ஞானஸ்நானம் இல்லை. மனைவிகளை மட்டும் சில சூழ்நிலைகளில் சேர்த்துக்கொள்ளலாம். காகிதத்தில் பார்த்தால் இது ஆணுக்கு விதித்த கட்டுப்பாடு. வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் கதை வேறு. ஞானஸ்நானம் வேண்டும் என்று ஆசைப்படுகிற ஆண் ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட வேண்டும். அப்படி அனுப்பப்பட்டவளுக்கு நிலம் போகும், மரியாதை போகும், பல இடங்களில் பிள்ளைகளும் தகப்பன் பக்கம் போய்விடுவார்கள். ஒழுக்கம் காக்கப்பட்டது, விலை கொடுத்தவள் இரண்டாம் மனைவி. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1988-இல், அதே லாம்பெத் மாநாடு வேறு முடிவுக்கு வந்தது. இனிமேல் புதிதாக மணம் முடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தால், அவரை மனைவிகளோடும் பிள்ளைகளோடும் சேர்த்துக்கொள்ளலாம். இருக்கிற மனைவிகளை விலக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, அந்தப் பெண்கள் சமூகத்தில் நிராதரவாகிவிடுவார்கள். உள்ளூர்ச் சபையின் சம்மதமும் வேண்டும். திருமணத்தைப் பற்றிய போதனை மாறவில்லை. கணக்கில் அந்தப் பெண்கள் சேர்ந்தார்கள், அவ்வளவுதான். 1888-இல் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள், 1988-இல் ஆப்பிரிக்க ஆயர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் இந்த வழியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வெளியிலிருந்து வந்த, உள்ளூர் வழக்கத்துக்கு இணங்காத ஒரு சட்டம், அந்த வழக்கத்துக்குக் கீழே நசுங்கிக் கிடப்பவருக்குச் சில நேரம் ஒரே பிடிமானமாக இருக்கும். பண்பாட்டோடு முழுக்கப் பொருந்திவிட்ட செய்தியால் அந்தப் பண்பாட்டைப் பார்த்து எதையும் கேட்க முடியாது.

போகிறவரே பொருத்திக்கொள்வது

இரண்டாவது வழி, போகிற மிஷனரி அந்த மண்ணைப் படித்து, எது மதம், எது வெறும் வழக்கம் என்று தானே பிரித்து, அதற்கேற்பத் தன்னையும் செய்தியையும் மாற்றிக்கொள்வது. பார்ப்பதற்கு எல்லாவற்றிலும் அழகான வழி இதுதான். திறமைசாலிகள் இதில் விழுவார்கள்.

எளிய விஷயங்களில் இது நன்றாகவே வேலை செய்யும். போப் முதலாம் கிரிகோரி 601 ஜூனில் இங்கிலாந்தின் கென்ட் அரசருக்கு எழுதியபோது, கோயில்களை இடித்துவிடச் சொன்னார். ஒரு மாதத்துக்குள் யோசனை மாறி, வழியில் போய்க்கொண்டிருந்த மெல்லிட்டஸ் என்ற துறவிக்கு இன்னொரு கடிதம்: சிலைகளை மட்டும் அகற்றுங்கள், கட்டடம் நன்றாக இருந்தால் தீர்த்தம் தெளித்து அதிலேயே ஆராதனை நடத்துங்கள், மாடுகளைப் பலியிட்டு விருந்துண்ணும் வழக்கத்தைத் திருவிழா விருந்தாக ஆக்கிக்கொள்ளட்டும். உயரத்துக்கு ஏறுகிறவன் படிப்படியாகத்தான் ஏறுவான் என்பது அவர் சொன்ன காரணம். கட்டடமும் விருந்தும் மட்டும் என்றால் யாருக்கும் நட்டமில்லை.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், 'அந்த மண்ணின் பண்பாடு' என்று ஒன்றே ஒன்று இருப்பதில்லை. அதில் மேல்தட்டு உண்டு, கீழ்த்தட்டு உண்டு. பொருத்துகிறவர் ஏதோ ஒரு தட்டுக்குத்தான் பொருத்துகிறார். இயேசு சபைத் துறவி மத்தேயு ரிச்சி 1583-இல் சீனாவுக்குள் நுழைந்தபோது தலையை மழித்து பௌத்தத் துறவியின் உடையில் இருந்தார். அதிகாரிகள் நடுவில் அந்த உடைக்குப் பெரிய மரியாதை இல்லை என்பது புரிந்ததும், 1595-இல் தாடி வளர்த்து, பட்டு அங்கி போட்டு, கற்றறிந்தோர் வரிசைக்கு மாறிக்கொண்டார். அதே சபையின் ராபர்ட் தெ நோபிலி 1606-இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தத்துவ போதகர் ஆனார். இருவரும் மாபெரும் அறிஞர்கள், அதில் சந்தேகமில்லை. இருவரும் பார்த்த திசையும் ஒன்று: மேலே. தலைவர்கள் வந்தால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்ற கணக்கு.

நோபிலியின் பூணூல், குடுமி, சந்தனம் எல்லாவற்றுக்கும் போப் பதினைந்தாம் கிரிகோரி 1623-இல் அனுமதி கொடுத்தார். இவை சமூக அடையாளங்கள், மூடநம்பிக்கை கலக்காதவரை தடையில்லை என்பது வாதம். பூணூல் மதமா வழக்கமா என்று ரோமிலும் கோவாவிலும் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. பூணூல் போட்டவர் பக்கத்தில் நிற்க முடியாதவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. பிராமணருக்குப் போகிற போதகர் ஒடுக்கப்பட்ட சாதியாரோடு பழகினால் மேலே கதவு சாத்திக்கொள்ளும் என்பதால், மற்றவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்று தனி வரிசை மிஷனரிகள் 1640-லிருந்து உருவானார்கள். 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் மலபார்ச் சடங்குகள் எனப்பட்ட இந்தத் தென்னிந்திய வழக்கங்களைக் கண்டித்து எழுதிய அதே ஆணையிலேயே, கடைசி நிலைச் சாதியாருக்குத் தனி மிஷனரிகள் என்ற ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்தார். பொருத்தியது அழகாகத்தான் பொருந்தியது. சாதியும் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

சீனாவில் விவகாரம் வேறு பக்கமாகப் புரண்டது. முன்னோருக்கும் கன்பூசியஸுக்கும் செய்யும் மரியாதை குடிமுறை வழக்கம்தான் என்று இயேசு சபையார் சொன்னார்கள். பின்னால் வந்த டொமினிக்கன், பிரான்சிஸ்கன் துறவிகள், இது வழிபாடேதான் என்றார்கள். 1700-இல் இயேசு சபையார் பேரரசர் காங்ஷியிடமே கேட்டார்கள். அவரும் குடிமுறை வழக்கம்தான் என்று உறுதி கூறினார். ரோமில் அது எடுபடவில்லை. 1704-லும் 1715-லும் தடை வந்தது. 1692-இல் கிறிஸ்தவத்துக்குச் சகிப்பு ஆணை பிறப்பித்திருந்த அதே காங்ஷி, 1721-இல் இனிப் போதிக்க வேண்டாம் என்று முடித்துவிட்டார். கடைசியில் 1939-இல் ரோம் அந்தச் சடங்குகளை அனுமதித்தது. இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் சீனக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சபைக்கும் தாத்தாவின் நினைவுப் பலகைக்கும் நடுவே நின்றன. யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். தீர்ப்பளித்த மேசையில் ஒரு சீனரும் இல்லை.

உள்ளூர்க்காரர் கையில் விடுவது

மூன்றாவது வழி: வேதாகமத்தை அவர்கள் மொழியில் கொடு, ஞானஸ்நானம் கொடு, அப்புறம் விலகிக்கொள். எதை வைப்பது, எதை விடுவது என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். என் சாய்வு இந்தப் பக்கம்தான். ஆனால் இதை வாயால் சொல்கிறவர்கள் நிறைய, செய்கிறவர்கள் குறைவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்க மிஷன் சங்கத்தின் செயலர் ஹென்றி வென், சபை தன்னைத் தானே ஆளவும், தாங்கவும், பரப்பவும் வேண்டும், அதன்பின் மிஷன் மறைந்துவிட வேண்டும் என்றார். அதன்படி சாமுவேல் அஜாயி கிரௌதர் 1864-இல் முதல் ஆப்பிரிக்க ஆங்கிலிக்க ஆயரானார். இளம் வயதில் அடிமையாக விற்கப்பட்டு மீட்கப்பட்டவர், யொரூபா மொழி வேதாகமத்துக்கு உழைத்தவர். வென் 1873-இல் இறந்தார். பிறகு வந்த இளம் ஐரோப்பிய மிஷனரிகள், கிரௌதரின் ஆப்பிரிக்கப் போதகர்கள்மேல் குற்றம் சுமத்தி ஒவ்வொருவராக விலக்கினார்கள். 1890-இல் கிரௌதர் மனம் நொந்து மிஷனின் கமிட்டியிலிருந்து விலகினார், 1891 கடைசியில் காலமானார். அவர் இடத்துக்கு வந்தவர் ஓர் ஐரோப்பியர். பட்டம் கொடுத்தார்கள், போதகரை நீக்கும் அதிகாரத்தையும் பணப்பையையும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். இன்றும் ஒரு மிஷன் அமைப்பு 'உள்ளூர்த் தலைமை' என்று பேசினால் நான் கேட்பது இதைத்தான்: வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து?

உண்மையிலேயே கைமாறினால் என்ன நடக்கும் என்பதற்கு காங்கோவின் சைமன் கிம்பாங்கு. 1921-இல் சில மாதங்களே போதித்தார். பெல்ஜிய ஆட்சி அவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. முப்பது ஆண்டுகள் சிறை, 1951-இல் அங்கேயே இறந்தார். அவர் தொடங்கிவைத்த சபைக்கு 1959-இல் அங்கீகாரம் கிடைத்தது, 1969-இல் உலகத் திருச்சபைகள் மன்றத்திலும் சேர்ந்தது. எந்த ஐரோப்பிய நிபுணரும் திட்டம் போட்டு இப்படி ஒரு சபையைக் கட்டியிருக்க முடியாது. அதன் போதனை பின்னாளில் போன திசை குறித்து மற்றச் சபைகளுக்குக் கடும் ஆட்சேபம் உண்டு. கையில் விட்டால் அதுவும் சேர்ந்துதான் வரும்.

ஆனால் 'உள்ளூர்' என்ற சொல்லுக்குள்ளும் மேல், கீழ் இருக்கிறது. தென் ஆப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தச் சபை 1829-இல், நிறமோ பிறப்போ பாராமல் திருவிருந்து எல்லாருக்கும் சேர்ந்தே என்று முடிவு செய்திருந்தது. 1857 பேரவை அதே கொள்கையை மறுபடியும் சொல்லிவிட்டு ஒரு விலக்குச் சேர்த்தது: சிலருடைய பலவீனத்தின் காரணமாக அது முடியாத இடங்களில், கறுப்பினத்தார் தனிக் கட்டடத்தில் கூடலாம். 'பலவீனர்' யார் தெரியுமா? கறுப்பரோடு ஒரே பந்தியில் உட்கார முடியாத வெள்ளையர்! உள்ளூர் வழக்கத்தை அனுசரித்த சின்னச் சலுகை. 1881-இல் தனிச் சபையே உருவானது. பிறகு இனவொதுக்கலுக்குச் சமய நியாயம் தேடியவர்களுக்கு இந்தப் பாதை கையில் தயாராக இருந்தது. 1982-இல் ஒட்டாவாவில் உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, இனவொதுக்கலை நியாயப்படுத்துவது வேதப்புரட்டு என்று அறிவித்தது. உள்ளே கேட்கப்படாதவர்களின் குரலுக்கு வெளியிலிருந்து வந்த துணை அது. முதல் வழியில் நான் சொன்ன பிடிமானம் இதுதான்.

அரசியலுக்குப் பொருத்துவது

பண்பாடு ஓரளவுக்குத் தானாக வழிவிடும், அரசு கேட்டு வாங்கும். அதனால் இங்கே கணக்குக் கொஞ்சம் மாறுகிறது. வேதத்திலும் ஒரே விடை இல்லை. ரோமர் 13 ரோமப் பேரரசின் அதிகாரத்தைக் கடவுளின் ஊழியக்காரன் என்கிறது. வெளிப்படுத்தல் 13, அதே பேரரசைக் கடலிலிருந்து எழும்புகிற மிருகமாகக் காட்டுகிறது என்பது பரவலான விளக்கம். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் எல்லாரும் தங்களுக்கு வேண்டிய வசனத்தைத் தேடுகிறார்கள்.

அரசோடு சேர்ந்துபோவது ஒரு வழி. 635-இல் அலோபென் சீனத் தலைநகருக்குக் கொண்டுவந்த கிழக்குத் திருச்சபையின் நற்செய்தி, தாங் பேரரசர்களின் ஆதரவில் வளர்ந்தது. 781-இல் நட்ட கல்வெட்டு அந்தப் பேரரசர்களை வரிசையாகப் புகழ்கிறது. 845-இல் வேறொரு பேரரசர் பௌத்தத்தை ஒடுக்கியபோது, அந்நிய மதம் என்று இதையும் சேர்த்து ஒடுக்கினார். அரண்மனை நிழல் அரண்மனை இருக்கும் வரைதான்.

அது வெறும் இழப்பு. 1933-க்குப் பிறகு ஹிட்லரின் ஜெர்மனியில் நடந்தது அதைவிட மோசம். 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற இயக்கத்தின் வாதத்தைத் தனியாக எடுத்துப் படித்தால், பண்பாட்டுத் தழுவல் பற்றிய நல்ல கட்டுரை போலவே இருக்கும்: நற்செய்தி ஒவ்வோர் இனத்தின் ஆன்மாவிலும் வேர்விட வேண்டும், ஜெர்மானியருக்கு ஜெர்மானியக் கிறிஸ்தவம் வேண்டாமா? 1939-இல் ஐசெனாக்கில், சபை வாழ்விலிருந்து யூதத் தாக்கத்தை ஒழிக்கவென்றே ஓர் ஆய்வு நிறுவனம் திறந்தார்கள். அடுத்த ஆண்டு யூத அடையாளங்களைக் களைந்த ஒரு புதிய ஏற்பாடே வெளிவந்தது. இந்த இயக்கத்தை எதிர்த்து 1934-இல் பார்மனில் கூடியவர்கள், கிறிஸ்துவைத் தவிர வேறொரு தலைவனின் குரலுக்குச் சபை கீழ்ப்படியாது என்று அறிக்கை விட்டார்கள். துணிச்சலான அறிக்கைதான். ஆனால் அதில் யூதர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை எழுதுவதில் முதன்மையாக நின்ற கார்ல் பார்த் பின்னால் அதைத் தன் குறையாகவே ஒப்புக்கொண்டார். எதிர்த்து நின்றவர்களும் முதலில் தங்கள் சபையின் செலவைத்தான் கணக்குப் பார்த்தார்கள்.

முற்றிலும் ஒதுங்கி நிற்பது இன்னொரு வழி. 1527-இல் ஷ்லைட்ஹைமில் கூடிய அனபாப்டிஸ்டுகள் என்ற சீர்திருத்தக் குழுவினர் வாள், சத்தியப்பிரமாணம், அரசுப் பதவி மூன்றையும் விலக்கினார்கள். சிறு சமூகமாக, அடி வாங்கத் தயாராக இருப்பவர்களுக்கு இது நேர்மையான வழி. மற்றவர்களுக்கு வசதியான மௌனமாகவும் ஆகிவிடும்.

மூன்றாவது, உள்ளேயே நின்று கேள்வி கேட்பது. இதற்கு எனக்குப் பிடித்த ஆள் ஜயீரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கர்தினால் மலூலா. ஆப்பிரிக்கத் திருச்சபைக்கு ஆப்பிரிக்க முகம் வேண்டும் என்று விடாமல் உழைத்தவர். முன்னோரையும் புனிதரோடு சேர்த்து அழைக்கும் ஜயீர் திருப்பலி முறைக்கு 1988-இல் ரோம் ஒப்புதல் கொடுத்ததன் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. ஆனால் 1972-இல் அதிபர் மொபுட்டு 'அசல்தன்மை' என்ற பெயரில் கிறிஸ்தவப் பெயர்களைத் தூக்கியெறிந்து ஆப்பிரிக்கப் பெயர் வைக்கச் சொன்னபோது, எதிர்த்து நின்று சில மாதங்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டிவந்தவரும் இதே மலூலாதான். மேலோட்டமாகப் பார்த்தால் முரண்பாடு. இருவரும் ஆப்பிரிக்கப் பண்பாடு வேண்டும் என்றுதானே சொன்னார்கள்? ஒருவர் மக்கள் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்ததைப் பீடத்துக்குக் கொண்டுபோனார். மற்றவர் தன் ஆட்சிக்கு வேண்டியதைப் பண்பாடு என்று பெயரிட்டு ஆணையாக இறக்கினார்.

இப்போது இதே கேள்வி சீனாவில் சூடாக இருக்கிறது. வென் சொன்ன அந்த மூன்று 'தானே'-க்கள் 1954-இல் அரசு மேற்பார்வையிலான 'மூன்று தானே' தேசபக்த இயக்கத்தின் பெயராகிவிட்டன! ஆயர் நியமனத்தில் வத்திக்கானும் பெய்ஜிங்கும் 2018-இல் தற்காலிக உடன்பாடு செய்து, அதை 2020, 2022, 2024 என்று நீட்டித்துக்கொண்டே வந்திருக்கின்றன. பிளவைத் தவிர்க்க வேறு வழியில்லை என்பார்கள் ஒரு சாரார். பதிவுக்கு மறுத்துச் சிறைக்குப் போனவர்களைக் கைவிட்டதாகும் என்பார்கள் இன்னொரு சாரார். என்னைக் கேட்டால், உடன்பாட்டின் வாசகத்தையே வெளியிடாமல் வைத்திருப்பதுதான் பெரிய உறுத்தல். அதன் கீழ் வாழ வேண்டியவர்களே அதைப் படிக்க முடியாது.

எதைத் தேர்வது?

இசை, கட்டடம், உடை, வழிபாட்டு நேரம், பண்டிகை விருந்து: உள்ளூர்க்காரர் கையில் விட்டுவிடலாம், வெளியிலிருந்து ஆலோசனைகூடத் தேவையில்லை. திருமணம், முன்னோர் சடங்கு, சொத்து: இங்கேயும் அவர்களே முடிவு செய்யட்டும். ஆனால் அந்தக் கூட்டத்தில் பெண்களும், அந்தச் சமூகத்தில் கடைசி வரிசையில் இருப்பவர்களும் உட்கார்ந்து பேச வேண்டும், வெறும் பார்வையாளராக அல்ல. அவர்கள் இல்லாமல் எடுத்த முடிவு எவ்வளவு உள்ளூர்த்தனமாக இருந்தாலும் நான் அதை 1857-இன் வரிசையில்தான் வைப்பேன். பிறப்பை வைத்துப் பந்தியைப் பிரிக்கும் எந்த வழக்கத்துக்கும், தற்காலிகச் சலுகை என்ற பெயரில்கூட, இடம் கொடுக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் முதல் வழிக்காரராக, வளையாத வெளிநாட்டுக்காரராக இருப்பதில் வெட்கமே வேண்டாம்.

அரசு விஷயத்தில், பதிவு செய்வதும் வரி கட்டுவதும் சரணாகதி ஆகாது. யாரைச் சேர்க்கலாம், யாருக்காகப் பேசக் கூடாது என்று அரசு சொல்லத் தொடங்கும் இடத்தில் கோடு போட்டுக்கொள்ளலாம். அந்தக் கோட்டை முன்கூட்டியே எழுதிவைப்பது நல்லது. நெருக்கடி வந்தபின் எழுத உட்கார்ந்தால், எது சாத்தியமோ அதுவே கொள்கையாகிவிடும்.

பொது விதிக்குள் வராத ஒரு நிலைமை உண்டு. விசுவாசத்தை வெளியே சொன்னால் குடும்பமே தள்ளிவைக்கும், சில நாடுகளில் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்டவர் தன் சமூகத்துக்குள்ளேயே இருந்து, அந்தச் சமூகத்தின் அடையாளத்தோடு கிறிஸ்துவைப் பின்பற்றலாமா, வெளியே வந்தே தீர வேண்டுமா என்று மிஷனரி வட்டாரத்தில் பெரிய விவாதம் நடக்கிறது. 1998-இல் சி1 முதல் சி6 வரை ஆறு படிகளாக ஓர் அளவுகோல்கூட வந்தது. முழு அந்நிய வடிவச் சபை ஒரு முனை, மறைவில் இருக்கும் விசுவாசிகள் மறுமுனை. அளவுகோல் விவாதிக்கிறவர்களுக்கு உதவும். ஆனால் எந்த நாளில், யாரிடம், எவ்வளவு வெளியே சொல்வது என்பதை, அதற்குப் பிறகு அந்த வீட்டில் படுத்துத் தூங்க வேண்டியவரே தீர்மானிக்கட்டும். தொலைவில் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும் கமிட்டி அந்தத் தேதியைக் குறிக்க வேண்டாம்.